லெட்ரோசோல் மாத்திரையை மூன்று வாரமாக நிறுத்திவிட்டேன்: விரல் மூட்டு வலிக்கு என்ன செய்வது?

செம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 57. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி கண்டு அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் முடிந்தன. ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் (அதாவது, ஹார்மோனால் வளரும் வகை) என்று அறிக்கை வந்திருந்ததால், லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் மாத்திரையை நாளொன்றுக்கு ஒன்று வீதம் ஐந்து ஆண்டுகள் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பதினான்கு மாதங்கள் ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டேன். இப்போது இருபத்திரண்டு நாட்களாகச் சாப்பிடவில்லை. வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

கீமோ நாட்களில் பட்ட பாடு பெரியது என்றாலும், அது எந்தத் தேதியில் முடியும் என்று தெரிந்திருந்தது; அக்கம்பக்கத்தார் ரசமும் கஞ்சியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இப்போது முடி வளர்ந்துவிட்டது, அலுவலகம் போகிறேன், ஆகவே எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் காலையில் எழுந்தால் இரண்டு கைவிரல்களும் மடங்குவதில்லை. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் விரலை நுழைக்க முடியாததால், பால் பாக்கெட்டைப் பாத்திரத்துக்குள் நிறுத்திவைத்துக் கத்தி முனையால் குத்தித் திறக்கிறேன். வலக்கை மோதிர விரல் மடங்கினால் அப்படியே மாட்டிக்கொள்கிறது. இடக்கையால் பிடித்து நிமிர்த்தினால் 'டக்' என்ற சத்தத்துடன் விடுபடுகிறது. மாமியார் கொடுத்த பித்தளைச் சேவை நாழியை இந்த ஆடி மாதம் எடுத்தபோது, அரைச் சுற்றுக்கு மேல் என்னால் திருக முடியவில்லை. மாவு ஆறிப்போய், கடைசியில் என் கணவர் வந்து பிழிந்து கொடுத்தார். அவர் நல்லவர்தான். ஆனால் "வயதானால் எல்லோருக்கும் மூட்டு வலி வரத்தானே செய்யும்" என்று அன்றைக்கும் சொன்னார்.

இரவில் இரண்டு, மூன்று முறை உடம்பெல்லாம் தணல் போலச் சூடேறி, கழுத்தும் முதுகும் நனைந்து, விழிப்புத் தட்டிவிடுகிறது. மும்பையில் வி.டி. (இப்போது சி.எஸ்.எம்.டி.) நிலையத்துக்குப் போகும் ஹார்பர் லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் நிற்கும்போதும் இதே சூடு வந்துவிடுகிறது. ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோன ஒரு மராட்டியப் பெண், தன் ஜன்னலோர இருக்கையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரும் கொடுத்தார். எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பின் அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 2.1 என்றும், இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்றும் வந்திருக்கிறது. நான் காட்டும் மருத்துவமனையில் கூட்டம் மிக அதிகம். வலியைப் பற்றிச் சொன்னபோது, "இந்த மாத்திரைக்கு அப்படித்தான் இருக்கும், தொடர்ந்து சாப்பிடுங்கள்" என்று கால்சியம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்கு மேல் கேட்க எனக்கும் நா எழவில்லை.

மாத்திரையை நிறுத்திய இரண்டாவது வாரத்திலிருந்து விரல்கள் கொஞ்சம் இளகியிருக்கின்றன. அந்த நிம்மதியே குற்ற உணர்வாகவும் இருக்கிறது. இன்னொரு பயமும் உண்டு: இந்த வலி மாத்திரையால் வருவதா, அல்லது நோய் எலும்புக்குப் போய்விட்டதா? எங்கள் கட்டடத்தில் இதே நோய் வந்த ஒருவர், இதே நோய்க்குக் கொடுக்கும் தாமாக்ஸிஃபென் என்ற வேறு மாத்திரைக்கு மாறிவிட்டால் மூட்டு வலி வராது என்கிறார். கும்பகோணத்திலிருந்து தங்கை, பெண்களுக்கு நல்லது என்று சதாவரி லேகியம் அனுப்பியிருக்கிறாள். மற்றொன்றை எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் முகம் தெரியாத இடத்தில்தான் கேட்க முடியும். பெண்ணுறுப்பில் வறட்சியும் எரிச்சலும் மிகுதியாகி, கணவரின் அருகில் போகவே அஞ்சுகிறேன். இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள், இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.


நடைக்காரி, மாட்டுங்கா எழுதியது:

அன்புள்ள தங்கைக்கு. எனக்கு வயது 64. முதலில் அனாஸ்ட்ரோசோல், பிறகு எக்ஸிமெஸ்டேன் என்று ஐந்து ஆண்டுகளை முடித்துவிட்டேன். நீங்கள் சொன்ன மோதிர விரல் எனக்குக் கட்டைவிரல். சத்தம் அதே சத்தம்தான். உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஒன்றைக் கேளுங்கள். நிறுத்தியதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் நிறுத்தியதை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். நானும் ஒன்பதாவது மாதத்தில் யாருக்கும் தெரியாமல் ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்தவள். அடுத்த முறை மருத்துவரைப் பார்த்தபோது, "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்ற கேள்விக்கு "ஆமாம்" என்று சொன்னேன். அந்த ஒரு பொய்யால், என் வலி தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். அதன் பிறகு நான்கு மாதங்கள் எனக்கு எந்த உதவியும் கிடைக்கவில்லை. நாம் மறைத்தால் அவர்களால் எதையும் மாற்ற முடியாது.

பிறகு என் மகள் ஒரு யோசனை சொன்னாள். பத்து நாட்கள், காலையில் எழுந்தபோது வலி பத்துக்கு எத்தனை, விரல்கள் இளக எத்தனை நிமிடம் ஆனது, அன்று எந்த வேலையைச் செய்ய முடியாமல் போயிற்று என்று மூன்றே விஷயங்களைச் சமையலறை நாட்காட்டியில் குறித்தேன். அந்தத் தாளைக் கிழித்து மருத்துவரின் மேசைமேல் வைத்தபோது, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அதைப் படித்தார். 'எட்டு, ஐம்பது நிமிடம், குக்கர் மூடியைத் திறக்க முடியவில்லை' என்று தாளில் இருந்தால், கூட்டத்தின் நடுவிலும் யாராலும் அதைத் தள்ளிவிட முடிவதில்லை. அவரே சில வாரங்கள் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, வலி குறைகிறதா என்று பார்த்து, பிறகு எக்ஸிமெஸ்டேன் 25 மில்லிகிராமுக்கு மாற்றினார். உங்கள் லெட்ரோசோலோடு சேர்த்து மூன்று மருந்துகளும் ஒரே வகையைச் சேர்ந்தவைதான், அரோமடேஸ் தடுப்பான்கள் என்பார்கள். இருந்தாலும் ஒன்று ஒத்துக்கொள்ளாத பலருக்கு மற்றொன்று ஒத்துக்கொள்கிறது. எனக்கு வலி முற்றிலும் போய்விடவில்லை. எட்டாக இருந்தது நான்கானது. அந்த நான்கோடு மீதி ஆண்டுகளைக் கடந்தேன்.

அந்த நான்குக்கும் நடையே பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். வலிக்கும் உடம்பை எதற்கு வருத்துவது என்று நானும் முதலில் படுத்தே கிடந்தேன். படுத்தால் இறுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. இந்த வகை மாத்திரைகளால் மூட்டு வலி வந்த 121 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஹோப் என்ற ஆய்வைப் பற்றி என் மருத்துவர் சொன்னார். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சியும், இரண்டு முறை எடைப் பயிற்சியும் ஓராண்டு செய்தவர்களுக்கு மிகக் கடுமையான வலியின் அளவு 29 சதவீதம் குறைந்ததாம். வழக்கம்போல் இருந்தவர்களுக்குக் குறையவே இல்லையாம். ஐந்து தோட்டங்கள் கொண்ட ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் காலை ஆறரைக்கு முதலில் ஒரே ஒரு தோட்டத்தை மட்டும் சுற்றினேன். மூன்று மாதத்தில் ஐந்தையும் சுற்றினேன். மழைக்காலத்தில் கட்டடத்தின் தாழ்வாரத்தில் நடப்பேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டும்தான் என் எடைகள். நிணநீர்க் கணுக்களை எடுத்த கைப்பக்கம் எடை தூக்கலாமா என்று பயமாக இருந்தது. இயன்முறை மருத்துவர் அரைப் பாட்டிலில் தொடங்கி மெதுவாகக் கூட்டிக் கொடுத்தார், வீக்கம் வரவில்லை. நீங்களும் அவர்களைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

விரல்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். காலையில் முகம் கழுவியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் கைகளைப் பத்து நிமிடம் வைத்திருங்கள். பிறகு, அகலமான பாத்திரத்தில் இரண்டு படி அரிசியைக் கொட்டி, கை இரண்டையும் மணிக்கட்டு வரை உள்ளே புதைத்து, அரிசிக்குள்ளேயே விரல்களை விரித்து மூடுங்கள். தொடக்கத்தில் பத்துத் தடவைக்கு மேல் என்னால் முடியவில்லை. அரிசி விரலிடுக்குகளில் குளிர்ச்சியாக நகர்வது வலிக்கு இதமாகவும் இருக்கும். மாட்டிக்கொள்ளும் விரலை மட்டும் வலுக்கட்டாயமாக மடக்க வேண்டாம். அதற்கு இரவில் போட்டுக்கொள்ளும் சிறு பட்டையும், தேவைப்பட்டால் ஊசியும் இருக்கின்றன.

லேகியத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். உங்கள் தங்கையின் அன்புக்கு நன்றி சொல்லலாம், சாப்பிட வேண்டாம்.


ஓய்வுபெற்ற செவிலியர், டோம்பிவிலி எழுதியது:

வணக்கம் சகோதரி. புற்றுநோய்ப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியிருக்கிறேன். உங்களுக்கு மருந்து எழுதும் உரிமை எனக்கு இல்லை. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

உங்கள் பெரிய பயத்திலிருந்து தொடங்குகிறேன். லெட்ரோசோல் தரும் வலி பெரும்பாலும் உடம்பின் இரண்டு பக்கமும் ஒரேபோல், விரல்கள், மணிக்கட்டு, முழங்கால் ஆகிய இடங்களில் வரும். காலையில் இறுக்கமாக இருந்து, நடமாட நடமாட இளகும். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் குறையும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். ஒரே இடத்தில் நிலைத்து நின்று, ஓய்வில் இருக்கும்போதும் இரவிலும் குத்தி, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும் வலியென்றால் காத்திருக்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும். முதுகு வலியோடு கால் மரத்துப்போவதோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றமோ இருந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எந்தச் சந்தேகத்தையும் மருத்துவர் பரிசோதித்துத்தான் தீர்க்க முடியும் என்பதால், இந்தப் பயத்தையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இந்த வலி ஏன் வருகிறது என்பது புரிந்தால் கொஞ்சம் தைரியம் வரும். மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிட்டாலும், அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜனை, கொழுப்பிலும் தசையிலும் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டேயிருக்கும். உங்கள் வகைக் கட்டிக்கு அந்த ஈஸ்ட்ரோஜன்தான் தீனி. லெட்ரோசோல் அந்த நொதியை அடைத்துவிடுகிறது. ஆனால் மூட்டும் எலும்பும் பெண்ணுறுப்பின் தோலும் அதே ஈஸ்ட்ரோஜனை நம்பியிருப்பவை. எனவே வலியும் வறட்சியும் சூடும் மருந்து தன் வேலையைச் செய்வதன் மறுபக்கம்தான். நீங்கள் கற்பனை செய்துகொண்டதும் அல்ல, வயதால் மட்டும் வந்ததும் அல்ல. உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இருபத்திரண்டு நாட்களால் எல்லாம் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். ஐந்து ஆண்டுகளுக்கு அருகே ஹார்மோன் சிகிச்சை முடித்த பெண்களுக்கு லெட்ரோசோலை மேலும் ஐந்து ஆண்டுகள் கொடுத்து, அதில் ஒரு பகுதியினருக்கு முதல் நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று மாதம் இடைவெளி விட்டுப் பார்த்த சோல் என்ற ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கும் இடைவெளி விட்டவர்களுக்கும் நோய் திரும்புவதில் வேறுபாடு தெரியவில்லை. நீங்கள் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இருப்பதால் அதை அப்படியே உங்களுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது. திட்டமிட்ட சிறு இடைவெளி வேறு, ஒரேயடியாகக் கைவிடுவது வேறு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இந்த வகைப் புற்றுநோய் ஐந்தாண்டு கழித்தும், பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும்கூடத் திரும்பக்கூடியது. பாதியில் விட்டுவிட்டு, பிறகு எலும்பில் பரவிய நிலையில் திரும்பி வந்தவர்களை என் பிரிவில் பார்த்திருக்கிறேன். கேட்டால், "வலி தாங்க முடியவில்லை, யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை" என்பார்கள். அவர்கள் ஒருவர் முகமும் எனக்கு மறக்கவில்லை.

வைட்டமின் டி 14 என்பது குறைவு. 20-க்கு மேல் இருக்க வேண்டும். அதுவே தனியாக உடல் வலியைக் கூட்டும். வாரத்துக்கு ஒன்று என்று 60,000 யூனிட் மருந்தை எழுதிக் கொடுப்பார்கள். எத்தனை வாரம் என்று கேட்டு, அதற்கு மேல் நீங்களாக நீட்டிக்காதீர்கள். மூட்டு வலி என்றதும் தைராய்டு, சர்க்கரை, முடக்குவாதம் இவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவும் தசை வலி தரும். கால்சியம் கார்பனேட் மாத்திரையை உணவோடு சாப்பிடுங்கள். தைராய்டு மாத்திரை இருந்தால் இரண்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 1,200 மில்லிகிராம் கால்சியம் போதும். நம் ஊர்க் கேழ்வரகு இங்கே நாச்சணி என்ற பெயரில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிறது; கஞ்சியும் தயிருமாகச் சாப்பிட்டாலே ஒரு பகுதி தேறிவிடும்.

டி-ஸ்கோர் மைனஸ் 2.1 என்பது இன்னும் எலும்புப் புரை இல்லை. மைனஸ் 2.5-ஐத் தொட்டால்தான் அந்தப் பெயர். ஆனால் லெட்ரோசோல் சாப்பிடுகிறவருக்கு மைனஸ் 2-க்குக் கீழே போனாலே எலும்பைக் காக்கும் மருந்தைப் பற்றி மருத்துவர்கள் யோசிப்பது வழக்கம். ஆகவே, "எனக்கு ஜோலெட்ரானிக் அமிலம் தேவையா?" என்று நேரடியாகக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை 4 மில்லிகிராம், இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த வகை மருந்து எலும்பைக் காப்பதோடு, நோய் எலும்பில் திரும்புவதையும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். முதல் முறை ஏற்றிய மறுநாள் காய்ச்சலும் உடல் வலியும் வரலாம். பயப்பட வேண்டாம், பாராசிட்டமாலுக்கு அடங்கிவிடும். அதற்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிடுவது மிக முக்கியம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முடித்து, புண் ஆறிய பிறகே இந்த மருந்தைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அரிதாகத் தாடை எலும்பு கெட்டுப்போகக்கூடும். சிறுநீரகப் பரிசோதனையும் செய்வார்கள்.

இரவுச் சூட்டுக்குப் பருத்தி உடையும் மின்விசிறியும் ஓரளவுக்குத்தான் உதவும். தூக்கமே கெடும் நிலைக்கு வந்துவிட்டால் வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற மருந்துகள் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்தைச் சூட்டுக்கு ஏன் எழுதினார்கள் என்று பலர் கடையிலிருந்தே திரும்பி வந்து கோபித்துக்கொள்வார்கள். குறைந்த அளவில் அது இதற்கும் வேலை செய்கிறது. மூட்டு வலிக்கு டுலோக்செடின் என்ற மருந்தையும் சிலருக்குக் கொடுக்கிறார்கள்.

எழுதத் தயங்கியதற்கு நான் தயங்காமல் பதில் சொல்கிறேன், ஏனெனில் என் பணிக்காலத்தில் பெண்கள் என்னைத் தனியே அழைத்துக் காதோடு கேட்ட கேள்வி இதுதான். ஹார்மோன் கலக்காத, ஹயலூரானிக் அமிலம் சேர்ந்த ஈரப்பசைக் களிம்புகள் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. அவற்றை வாரத்தில் இரண்டு, மூன்று நாள் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். உறவின்போது நீர் அடிப்படையிலான வழுக்குப் பொருளைத் தனியாகப் பயன்படுத்த வேண்டும். இரண்டும் வேறு வேறு. சோப்புப் போட்டுக் கழுவுவதை விட்டுவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பை மட்டும், பொது மகப்பேறு மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும், உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். லெட்ரோசோல் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். சதாவரியும் இதே காரணத்தால்தான் வேண்டாம் என்கிறோம். அதில் ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளக்கூடிய பொருட்கள் உள்ளன.


முலுண்ட் எழுதியது:

அக்கா, தாமாக்ஸிஃபென் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு வயது 44. மாதவிடாய் நிற்காததால் எனக்கு 20 மில்லிகிராம் தாமாக்ஸிஃபென்தான் கொடுத்தார்கள். மூட்டு வலி பெரிதாக இல்லை என்பது உண்மை. உங்கள் வயதில் அது எலும்பையும் காக்கும் என்கிறார்கள். ஆனால் அதற்கு அதற்கான தொல்லைகள் இருக்கின்றன.

சென்ற ஆண்டு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாளுக்கு மேல் உட்கார்ந்தும் படுத்தும் ஊருக்குப் போனேன். இறங்கிய மறுநாள் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. அங்கே ஒரு சிறு மருத்துவமனையில், பயணத்தால் வந்த சுளுக்கு என்று தைலம் கொடுத்தார்கள். என் அண்ணி விடாப்பிடியாக இன்னோரிடத்துக்கு அழைத்துப்போய் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கவைத்தார். இரத்தம் உறைந்திருந்தது. தாமாக்ஸிஃபென் அந்த ஆபத்தைக் கூட்டும் என்று எனக்கு யாரோ ஒருமுறை சொல்லித்தான் இருந்தார்கள். வலி வந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அன்றே மாத்திரையை நிறுத்தி, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். இப்போது சினைப்பையை ஓயவைக்கும் ஊசி மாதம் ஒன்றும், உங்களைப் போல அரோமடேஸ் தடுப்பான் மாத்திரையுமாகத் தொடர்கிறேன். ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி இவை வந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

மாதவிடாய் நின்ற பிறகு அதைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரும் ஆபத்தும் சிறிதளவு கூடுகிறது. அதனால் ஒரு துளி இரத்தப் போக்கு கண்டாலும் காட்ட வேண்டும். மற்றொன்று, தாமாக்ஸிஃபெனை உடம்பு கல்லீரலில் மாற்றித்தான் பயன்படுத்துகிறது. அந்த மாற்றத்தைப் பராக்செடின், ஃப்ளூவாக்செடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் தடுத்துவிடும். எனக்கு வேறொரு மருத்துவர் பராக்செடின் எழுதியிருந்தார். இரண்டு சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்த மருந்தாளுநர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். பிறகு வென்லாஃபாக்சினுக்கு மாற்றினார்கள். மாறலாமா என்று மருத்துவரைக் கட்டாயம் கேளுங்கள், ஒத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தொல்லையே இல்லாத மாத்திரை என்று நினைத்து மட்டும் மாறிவிடாதீர்கள்.


செம்பூர்வாசி எழுதியது:

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

முதலில் மகளிடம் சொன்னேன். அவள் அழுதாள், ஆனால் திட்டவில்லை. செவிலியர் அம்மா எழுதியதை அன்றிரவு அவளே தன் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அரோமடேஸ் பற்றிய பகுதியை அவர் மீண்டும் ஒரு முறை படிக்கச் சொன்னார். மறுநாள் காலை நான் எழுந்து வருவதற்குள் பால் காய்ச்சி வைக்கப்பட்டிருந்தது.

நடைக்காரி அக்கா சொன்னபடி பத்து நாள் குறிப்பை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். மாத்திரை இல்லாத நாட்கள் என்பதால் எண்கள் குறைந்துகொண்டே வந்திருந்தன. முன்பு எப்படி இருந்தது என்பதைத் தாளின் மேலே நினைவிலிருந்து எழுதியிருந்தேன். நிறுத்தியதைச் சொன்னபோது எனக்குக் குரல் நடுங்கியது. அவர் கோபிக்கவில்லை. "இதை முன்பே சொல்லியிருந்தால் முன்பே மாற்றியிருப்பேனே" என்றார். இரண்டு பக்கமும் ஒரேபோல் இருந்த வலி, மருந்தை விட்டதும் குறைந்திருப்பதால் காரணம் லெட்ரோசோல்தான் என்று தோன்றுவதாகச் சொல்லி, மூட்டுகளையும் முதுகெலும்பையும் அழுத்திப் பரிசோதித்தார். தாமாக்ஸிஃபென் பற்றிக் கேட்டேன். என் அம்மாவுக்கு ஒருமுறை காலில் இரத்தம் உறைந்ததை மகள் நினைவுபடுத்தியதும், அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். வருகிற திங்கட்கிழமை முதல் எக்ஸிமெஸ்டேன், நாள்தோறும் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆறு வாரத்தில் மீண்டும் தாளோடு வரச் சொல்லியிருக்கிறார். வைட்டமின் டி எட்டு வாரத்துக்கு எழுதியிருக்கிறார். இரவில் போட்டுக்கொள்ள மோதிர விரலுக்குப் பட்டை வாங்கியாயிற்று. தூக்கத்துக்கு, குறைந்த அளவில் கபாபென்டின்.

ஜோலெட்ரானிக் அமிலத்தை நான் பெயர் சொல்லிக் கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். தேவைதான், பல்லை முடித்துவிட்டு வாருங்கள் என்றார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் வேர் கெட்டிருக்கிறது, வியாழக்கிழமை எடுக்கிறார்கள். அது ஆறிய பிறகுதான் ஊசி. களிம்பை மகளே வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் என் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

அரிசிப் பயிற்சி ஒரு வாரமாக நடக்கிறது. இப்போது பதினைந்து தடவை முடிகிறது. நடைக்காரி அக்கா, அனுமதித்தால் வரும் ஞாயிறு உங்களோடு நடக்க விரும்புகிறேன். வடாலா ரோட்டில் இறங்கி ஆறரைக்குள் வந்துவிடுவேன். ஐந்தில் எந்தத் தோட்டத்தில் தொடங்குவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.